மாடு சாவதற்கு முன்பே அழுதவன்

டெல்லியில் தமிழ்ப் படம் பார்ப்பவர்கள் இரண்டு கட்சி. காதால் பார்க்கிறவர்கள் ஒரு கட்சி. திரையின் அடியில் ஓடும் இங்கிலீஷ் சப்டைட்டிலைப் படித்துப் பார்க்கிறவர்கள் இன்னொரு கட்சி. முதல் கட்சிக்காரர்கள் ஊரில் பிறந்து உத்தியோகத்துக்காக இங்கே வந்தவர்கள். இரண்டாவது கட்சி, அவர்கள் இங்கே பெற்றுப்போட்ட பிள்ளைகள். நான் பிறப்பால் இரண்டாவது கட்சி. ஆனாலும் முதல் கட்சியின் மாவட்டச் செயலாளர் மாதிரி ரொம்ப வருஷம் நடமாடிக்கொண்டிருந்தேன். இது என்னைப் பெற்ற அம்மாவுக்கே தெரியாது.

அப்படியானால் இதை எப்படித் தமிழில் எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். அது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை ஆட்டத்தின் பின்விளைவு. வரிசையாகச் சொல்கிறேன்.

எங்கள் பூர்வீகம் வேலூர்ப் பக்கம். எனக்கு வந்த தமிழெல்லாம் அம்மா வீட்டில் என்னை ஏவிய தமிழ்தான். ‘குளி’, ‘சாப்புடு’, ‘ஃபேனை நிறுத்து’, ‘மானத்த வாங்காத’. இந்த நாலில் அடங்காத விஷயம் வந்தால் ஹிந்திக்குத் தாவிவிடுவேன். ஆனால் தமிழ்ப் படம் ஒன்று விடமாட்டேன். கீழே எழுத்து ஓடும், நான் மடமடவென்று படிப்பேன், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, “என் புள்ளைக்கு டெல்லில பொறந்தும் தமிழ்மேல எவ்ளோ ஆசை பாரு” என்று அக்கம்பக்கத்தில் பெருமை பேசுவாள். (அப்பா காலமான பிறகு அவளுக்கு இருந்த சில பெருமைகளில் இதுவும் ஒன்று. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.)

கோமதியை நான் முதலில் பார்த்தது மயூர் விஹார் கோயிலில், பிரசாத வரிசையில். நான் தெரியாமல் நடுவில் நுழைந்துவிட்டேன். “பையா, லைன் பீச்சே ஸே ஹை” என்று ஒரு குரல் அதட்டியது. திரும்பினேன். பின்னால் போய் நின்றேன். இன்றுவரை அந்தக் குரலுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருக்கிறேன். அவள் ஓர் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். இரண்டு அம்மாக்களும் கோயிலிலேயே பேசி, ஜாதகத்தை மாற்றிக்கொண்டு, எங்களைப் போனில் பேச அனுமதித்தார்கள். தினமும் சாயங்காலம் ஆபீஸ் முடிந்து மெட்ரோவில் வரும்போது பேசுவோம். பாதி ஹிந்தி, பாதி இங்கிலீஷ். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது. அவளுக்கும் அப்படித்தான் என்று நினைக்கத் தைரியம் வரத் தொடங்கிய நேரத்தில் ஒரு குண்டைப் போட்டாள்.

“அப்பாவுக்கு ஒரே ஒரு கண்டிஷன். ஜாதகம், சம்பளம் எல்லாம் அப்புறம். பையனுக்குத் தமிழ் வரணும். நல்லா வரணும்.”

அவள் அப்பா சுப்பையா, மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் செக்‌ஷன் ஆபீஸராக இருந்து ஓய்வு பெற்றவர். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரர். டெல்லியில் நாற்பது வருஷம் குடித்தனம் செய்தும் பேச்சில் ஊரை அப்படியே வைத்திருந்தார். எனக்கு முன்பு பெண் பார்க்க வந்த ஒரு பையன், “அங்கிள், தமிழ் சமஜ்தா ஹூன், போல் நஹி பாத்தா” என்றானாம். புரியுமாம், பேச மட்டும் வராதாம். அதற்கு அவர், “சாப்பாடும் அப்படித்தானா தம்பி? பாப்பீங்க, திங்க மாட்டீங்களோ?” என்று கேட்டுத் தட்டை நகர்த்திவிட்டாராம். இதைச் சொல்லிவிட்டு கோமதி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் அவரே போன் செய்தார்.

“தம்பிக்குத் தமிழ்ப் படம் பாக்குத பழக்கம் உண்டா?”

“உயிர், சார்.” (இது பொய்யில்லை.)

“நல்லதாப் போச்சு. பொண்ணு பாக்கோம்னு வந்து கேசரி தின்னுட்டுப் போறதெல்லாம் வேண்டாம். ஞாயித்துக்கிழமை காலை ஆட்டத்துக்கு அம்மாவைக் கூட்டிக்கிட்டு வாங்க. எங்க ஊர்க் கதையைப் படமா எடுத்திருக்கான். பத்திரிகையில தொடரா வந்தப்பவே வாராவாரம் படிச்சவன் நான். டெல்லிக்கு ரயில் ஏறுத அன்னைக்கு வரைக்கும் ஒரு வாரம் விடல. நீங்க படத்தைப் பாருங்க. நான் உங்களைப் பாத்துக்கிடுதேன்.”

அந்தப் படத்தின் பெயரை நான் இங்கே சொல்லப் போவதில்லை. சொன்னால் எங்கள் வீட்டில் ஒருவர் மறுபடி ஆரம்பித்துவிடுவார். வெள்ளைக்காரன் காலத்துக் கரிசல் கிராமம். ஓர் அண்ணன், ஒரு தம்பி, ஒரு கிணறு. கிணற்றிலிருந்து மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கமலை. அதற்கு ஒரு ஜோடி மாடு. பிறகு பஞ்சம், பண்ணையார், பிரிவு. இவ்வளவுதான் எனக்கு டிரைலரிலிருந்து தெரிந்தது. இது போதாது என்று தோன்றியதால் பரீட்சைக்குப் படிப்பதைப் போல விமர்சனங்களைப் படித்தேன்.

விமர்சனங்கள் ஒன்றுக்கொன்று முகம் கொடுத்துப் பேசவில்லை. ஓர் இங்கிலீஷ் பத்திரிகை நாலு நட்சத்திரம் கொடுத்து, மண்ணின் ஆன்மா என்றது. யூடியூபில் தொப்பி போட்ட ஒரு தம்பி, “ஃபர்ஸ்ட் ஹாஃப் செம்ம ரா, கேமரா பேசுது, செகண்ட் ஹாஃப் இழுவை, இருபது நிமிஷம் வெட்டியிருக்கலாம்” என்றான். ஃபேஸ்புக்கில் இலக்கியம் படித்தவர்கள் நாவலைக் கொன்றுவிட்டார்கள் என்று கூட்டமாக அழுதுகொண்டிருந்தார்கள். (தமிழ்ப் பதிவுகளைப் போன் மொழிபெயர்த்துக் கொடுத்தது. அதில் கமலை என்பது ஒரு பெண்ணாக வந்தது. கமலைக்கும் இரண்டு மாட்டுக்கும் என்ன உறவு என்று ரொம்ப நேரம் குழம்பினேன்.) கடைசியில் தொப்பித் தம்பியின் அபிப்பிராயத்தையே சொந்த அபிப்பிராயமாக வைத்துக்கொள்வது என்று முடிவு செய்து, குளிக்கும்போது சத்தமாகச் சொல்லிப் பழகினேன்.

நொய்டா எல்லையில் ஒரு மால். வாரத்துக்கு ஒரே ஒரு தமிழ்க் காட்சி என்பதால் கிழக்கு டெல்லித் தமிழர்கள் அத்தனை பேரும் அங்கேதான் இருந்தார்கள். கைப்பைகளில் தயிர்சாதம் இருந்தது. வாசலில் காவலுக்கு நின்ற பையா, “ஆன்ட்டிஜி, கானா அலவ்ட் நஹி” என்று பைகளைக் காட்டிக் கெஞ்சிக்கொண்டிருந்தார். சுப்பையா சார் வெள்ளை வேட்டியில் வந்திருந்தார். மாலின் எஸ்கலேட்டரில் வேட்டி நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தவரைப் பார்த்ததும் தொப்பித் தம்பியின் அபிப்பிராயத்தை மனசுக்குள் இன்னொருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். கோமதியின் அம்மா முழங்கால் வலி என்று வரவில்லை. உட்காரும் வரிசையை அவரே தீர்மானித்தார். என் அம்மா, நான், அவர், அவருக்கு அந்தப் பக்கம் கோமதி.

படம் ஆரம்பித்தது. கீழே சப்டைட்டிலும் ஆரம்பித்தது. அப்பாடா என்று சாய்ந்தேன். சுப்பையா சார் மட்டும் சாயவில்லை. உடம்பை என் பக்கம் பாதி திருப்பிக்கொண்டு, திரையின் வெளிச்சத்தில் என் மூஞ்சியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

சப்டைட்டில் போட்டவருக்கு அன்று ஏதோ மெட்ரோ பிடிக்கிற அவசரம் இருந்திருக்க வேண்டும். நடிகர் வாயைத் திறக்கும்போதே முழு வாக்கியமும் கீழே வந்து விழுந்துவிடும். சில இடங்களில் வாயைத் திறப்பதற்கு முன்பே விழும். டைரக்டரோ விருதுப் படம் எடுக்கிறவர். அவருடைய ஆட்கள் ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் வயலுக்குப் போய்விட்டு வருவார்கள்.

மரத்தடியில் ஒரு கிழவர் சுருட்டு பிடித்துக்கொண்டிருந்தார். “நம்ம பண்ணையாரு ரொம்ப நல்லவரு” என்றார். சுருட்டை இழுத்தார். கீழே முழுசும் வந்துவிட்டது: நம் பண்ணையார் ரொம்ப நல்லவர், தூங்கும்போது.

நான் ‘ஹா’ என்று சிரித்தேன். நல்ல கட்டைக் குரல் எனக்கு. ஹால் நிசப்தமாக இருந்தது. முன்வரிசையில் இரண்டு தலைகள் திரும்பின.

“பண்ணையார் நல்லவர்னா சிரிப்பு வருதா தம்பி?” என்றார் சுப்பையா சார், மெதுவாக.

நான் சடாரென்று முகத்தை வாட்டமாக வைத்துக்கொண்டேன். பண்ணையாரின் கொடுமையை நினைத்து வருந்துகிறவன் மாதிரி. கிழவர் புகையை விட்டுவிட்டு, “தூங்கும்போது” என்றார். ஹாலே வெடித்துச் சிரித்தது. நான் மட்டும் இழவு வீட்டில் உட்கார்ந்திருப்பவன் போல இருந்தேன். சுப்பையா சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதோடு முடிந்திருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம். அடுத்தது மாடு. மயிலை நிறத்தில் அழகான மாடு. தொழுவத்தில் நின்று நிதானமாக வைக்கோல் மென்றுகொண்டிருந்தது. வைத்தியர் அதன் கழுத்தைத் தடவினார். இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. கீழே எழுத்து வந்தது: விஷக்கடி, விடியும்வரை தாங்காது. எனக்கு மாடென்றால் இளகிய மனசு. (டெல்லியில் வளர்ந்தவனுக்கு மாட்டோடு உள்ள பழக்கம், சாலையில் அது நகரும்வரை ஹாரன் அடிக்காமல் காத்திருப்பதுதான். அதிலேயே ஒரு பாசம் வந்துவிடும்.) பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. ஒரு விம்மலும் வந்தது. திரையில் மாடு சந்தோஷமாக இன்னொரு வாய் வைக்கோல் எடுத்தது.

“என்னடா ஆச்சு? மொளகா கடிச்சிட்டியா?” என்று அம்மா காதில் கேட்டாள்.

மாடு உண்மையில் சாக ரொம்ப நேரம் ஆனது. டைரக்டர் அதையும் விருதுக்குத்தான் சாகவிட்டார். அதற்குள் என் துக்கம் வற்றிப்போய்விட்டது. ஹால் முழுக்க மூக்கை உறிஞ்சியபோது நான் பாப்கார்ன் எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தேன்.

“மாடு செத்துப்போச்சு தம்பி” என்றார் சுப்பையா சார்.

“ஆமா சார்.”

“உங்களுக்கென்ன, நீங்கதான் முன்னமே துக்கம் விசாரிச்சு முடிச்சிட்டீங்களே.”

இடைவேளையில் எல்லோரும் சமோசாக் கடை முன்னால் கூடினார்கள். அங்கே நடந்தது முழு அளவு விமர்சனக் கூட்டம். கோயம்புத்தூர் அம்மாள் ஒருவர், “எங்கூர்ல பொம்பளைங்க இப்படிச் சேலை கட்டவே மாட்டாங்கங்க” என்றார். கதை கோயம்புத்தூரில் நடக்கவில்லை என்பது அவருக்கு ஒரு பொருட்டாக இல்லை. நாகர்கோவில்காரர் ஒருவர், காலையிலிருந்து திரையில் மழையே இல்லையே, இதென்ன ஊர் என்று அலுத்துக்கொண்டார். நான் சுப்பையா சார் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். சிரிப்பிலும் அழுகையிலும் இழந்ததை அறிவால் மீட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. கோமதி எதிரே நின்று சாயா குடித்துக்கொண்டிருந்தாள். தொண்டையைச் செருமினேன்.

“ஃபர்ஸ்ட் ஹாஃப் செம்ம ரா சார். கேமரா பேசுது. செகண்ட் ஹாஃப்தான் கொஞ்சம் இழுவை. ஒரு இருபது நிமிஷம் வெட்டியிருக்கலாம்.”

அவர் சாயாவை ஒரு வாய் குடித்தார். கப்பைக் கீழே வைத்தார்.

“செகண்ட் ஹாஃப் இன்னும் வரலையே தம்பி.”

அம்மா என் முழங்கைக்கு மேல் கிள்ளினாள். கோமதி திரும்பி நின்று, சுவரில் ஒட்டியிருந்த ஏதோ ஹிந்திப் பட போஸ்டரை ஊன்றிப் பார்க்க ஆரம்பித்தாள். அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா, என் கதை முடிந்ததே என்று அழுகிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை. எப்படியும் முடிந்தது என்றுதான் எனக்குப் பட்டது. மெட்ரோவில் இனி தனியாகப் பாட்டுக் கேட்டுக்கொண்டு போக வேண்டியதுதான்.

இடைவேளைக்குப் பிறகு சப்டைட்டில் வரவில்லை.

முதலில் யாரும் பேசாத காட்சி என்று நினைத்தேன். பிறகு பேசினார்கள். நிறையப் பேசினார்கள். திரையின் அடிப்பாகத்தைப் பார்த்துக் காத்திருந்தேன். அங்கே கால்கள் மட்டும் தெரிந்தன. கிணற்றடியில் அண்ணனும் தம்பியும் ஏதோ முக்கியமான விஷயத்தில் மோதிக்கொண்டார்கள். எனக்கு விளங்கியது ‘தண்ணி’ ஒன்றுதான். அதுவும் குடிக்கிற தண்ணியா, மற்ற தண்ணியா என்று தெரியவில்லை. பக்கத்தில் சுப்பையா சார் என் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சிரிக்க வேண்டுமா, அழ வேண்டுமா? எதை வைத்துக்கொண்டு முடிவு செய்வது? எனக்குள் ஒரு பதற்றம் ஏறிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் நான் எங்கே, யாரோடு, எதற்காக உட்கார்ந்திருக்கிறேன் என்பதே மறந்துபோனது. எழுந்து நின்றேன். பின்னால் திரும்பி, ப்ரொஜெக்டர் ஓட்டையைப் பார்த்து, என் கட்டைக் குரலில் கத்தினேன்.

“அரே பையா! சப்டைட்டில் சலாவோ யார்!”

நான் செய்த காரியம் எனக்கே அப்போதுதான் உறைத்தது. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவளுடைய பெருமை அத்தனையும் அங்கே செத்து விழுந்தது.

அப்போது முன்பக்கத்திலிருந்து ஒரு பையனின் குரல் வந்தது. “ஹான் பையா, சப்டைட்டில்!” மூலையிலிருந்து இன்னொன்று. பிறகு வரிசைக்கு வரிசை. டெல்லியில் பிறந்த அத்தனை பிள்ளைகளும் இருட்டில் தலைமறைவாக உட்கார்ந்திருந்தது அன்று வெளிச்சத்துக்கு வந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, எனக்கு இரண்டு இருக்கை தள்ளி, பிரசாத வரிசையில் என்னை அதட்டிய அதே குரல் கணீரென்று கேட்டது.

“ப்ளீஸ் பையா! குச் சமஜ் நஹி ஆ ரஹா!” அவளுக்கும் ஒன்றும் புரியவில்லையாம்.

சுப்பையா சார் என்னிடமிருந்து மெதுவாகத் தலையைத் திருப்பி மகளைப் பார்த்தார்.

“கோமு, நீ எழுத்தைப் படிச்சா பாத்துக்கிட்டிருந்த?”

“நம்ம வீட்ல பேசறது புரியும்பா. இவங்க வேற ஸ்பீடுல பேசறாங்க.”

“எத்தனை வருஷமா?”

“எப்பவுமேப்பா.”

இதற்குள் காதுக் கட்சிக்காரர்கள் எதிர்க்கோஷம் எழுப்பினார்கள். “எழுத்து வேண்டாம்! இப்பத்தான் படம் முழுசாத் தெரியுது!” டார்ச் லைட்டோடு ஒருவர் ஓடிவந்து, செகண்ட் ஹாஃபுக்கு சப்டைட்டில் வந்து சேரவில்லை, நான் என்ன செய்யட்டும் என்று ஹிந்தியில் கையை விரித்தார். படம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் உட்கார்ந்தோம்.

அப்புறம் நடந்ததை நான் வேறு எந்தத் தியேட்டரிலும் பார்த்ததில்லை. ஹால் முழுக்க ஒரு முணுமுணுப்பு கிளம்பியது. ஒவ்வொரு வரிசையிலும் ஓர் அப்பாவோ அம்மாவோ பிள்ளைகளுக்கு அர்த்தம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். தஞ்சாவூர்க்காரர் தஞ்சாவூர்த் தமிழில், கோயம்புத்தூர் அம்மாள் கோயம்புத்தூர்த் தமிழில். அர்த்தம் சொன்னவர்களில் பாதிப் பேருக்கே அந்தப் பேச்சு விளங்கவில்லை என்பதும் வெளிப்பட்டது. “எனக்கும்தாண்டா புரியல. இடைவேளைக்கு முன்னாடியும் புரியல” என்றாள் என் அம்மா. அவளோடு எனக்கு அன்றிலிருந்து நெருக்கம் கூடியது.

சுப்பையா சார் பெருமூச்சு விட்டார். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் கோமதி, நடுவில் அவர். இருவர் தலையையும் தன் பக்கம் சாய்க்கச் சொன்னார். சொல்லத் தொடங்கினார்.

“தம்பிக்காரன் கொழும்புக்குப் போறான். கப்பல்ல. போயிட்டு வந்து கடனை அடைக்கேங்கான். இங்க அண்ணன்காரனுக்கு ஒத்த மாடுதான். ஒத்த மாட்டை வச்சு கமலை இறைக்க முடியுமா? அதனால என்ன செஞ்சான்னா, நுகத்தடியில இந்தப் பக்கம் மாட்டைப் பூட்டினான். அந்தப் பக்கம் தான் நின்னுக்கிட்டான்.”

திரையில் அண்ணன் சந்தையில் புது மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், படத்துல மாடு வாங்கறாரே?”

“அவன் கிடக்கான். தப்பா எடுத்து வச்சிருக்கான். கதை இதில்ல. நான் சொல்லுதேன் கேளுங்க.”

அதன் பிறகு நாங்கள் திரையைப் பார்க்கவில்லை. அவரும் பார்க்கவில்லை. மழை வராத வருஷங்களைச் சொன்னார். தோளில் நுகத்தடித் தழும்பு ஏறிய அண்ணனைச் சொன்னார். கமலைக் கயிற்றைப் பிடித்தபடி சாலையையே பார்த்துக்கொண்டு நின்றதைச் சொன்னார். எனக்கு எல்லாம் விளங்கியது. அவர் இழுத்துப் பேசிய இடத்தில் நானும் காத்திருந்தேன், ஏனென்றால் கீழே எழுதிக் காட்ட யாரும் இல்லை.

“வருவான் வருவான்னு பாத்தான். காயிதம் வரும், பணம் வரும். அவன் மட்டும் வரல. வர நேரமில்ல அவனுக்கு. ஒரு நாள் காலையில கயித்தைப் பிடிச்சவாக்குலயே சாஞ்சு கிடந்தான். அவ்வளவுதான் கதை.”

திரையில் தம்பி மாட்டு வண்டியிலிருந்து குதித்து ஓடி வந்தான். அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். இடி இடித்து மழை கொட்டியது. ஹால் மொத்தமும் கைதட்டியது. நாகர்கோவில்காரர் மழையைக் கண்டு விசிலே அடித்தார். நானும் கோமதியும் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தோம்.

“அண்ணந்தம்பி சேர்ந்துட்டாங்களேடா. இப்ப ஏண்டா அழற?” என்றாள் அம்மா, நொந்துபோய்.

விளக்கைப் போட்டார்கள். சுப்பையா சார் இடுப்பிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். மகளுக்குக் கொடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். என்னிடம் நீட்டினார். நான் துடைத்துவிட்டு கோமதியிடம் கொடுத்தேன். அவள் துடைத்துவிட்டு அவரிடம் கொடுத்தாள். அவரும் துடைத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் மறுபடியும் விமர்சனக் கூட்டம். “நாவல்ல முடிவு இது இல்ல. மாத்திட்டான்!” என்று சுப்பையா சார் ஓங்கி அறிவித்தார். “ஆமாங்க, நாவல்ல வேறைங்க” என்றார் கோயம்புத்தூர் அம்மாள். கமர்ஷியலுக்காக மாற்றிவிட்டான் என்றார் நாகர்கோவில்காரர். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு படத்தின் முடிவை இத்தனை பேர் ஒருமனதாக நிராகரித்து நான் பார்த்ததில்லை.

கூட்டம் கலைந்ததும் நான் அவரிடம் போய் நின்றேன். இனி இழக்க ஒன்றும் இல்லை. “சார், எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. கேட்டாலும் பாதிதான் புரியும். எல்லாம் சப்டைட்டில்.”

“அது மாடு சாகுததுக்கு முன்னமே தெரிஞ்சுபோச்சு தம்பி. வெள்ளிக்கிழமையே குர்காவ்ன் போய் இந்தப் படத்தைப் பாத்துட்டு வந்துட்டேன். எது எப்ப வரும்னு எனக்குத் தெரியும். நீங்க எல்லாத்துக்கும் முன்னாடியே போய் நின்னுக்கிட்டிருந்தீங்க.” கொஞ்ச நேரம் வேட்டி நுனியை நீவிக்கொண்டிருந்தார். “இந்தக் கதையை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கேன். என் மககூட போனை நோண்டிக்கிட்டேதான் கேப்பா. அத்தனை பெரிய திரையில படம் ஓடுது, அதை விட்டுட்டு நான் சொன்னதுக்கு அழுதிருக்கீங்க. தமிழ் எங்க போயிரப் போகுது, மெல்லப் படிச்சுக்கிடலாம்.”

பிறகு அம்மாவிடம் திரும்பி, “முகூர்த்தம் எப்ப வச்சுக்கிடலாம்?” என்றார். நான் உண்மையைச் சொன்னபோது மறுபடி முகத்தை மூடிக்கொண்ட அம்மா அப்போதுதான் முந்தானையை எடுத்தாள்.

கல்யாணத்தன்று ஐயர் தாலியைக் கையில் கொடுத்ததும், பதற்றத்தில் மேளம் கொட்டுவதற்கு முன்பே கோமதியின் கழுத்துக்குக் கொண்டுபோய்விட்டேன். “மாப்ளே, சப்டைட்டில் வந்துட்டு. மேளம் இன்னும் வரல” என்றார் மாமனார். மண்டபமே சிரித்தது. அன்றிலிருந்து இரண்டு வீட்டுச் சொந்தத்திலும் எனக்கு ‘சப்டைட்டில் மாப்ள’ என்றுதான் பெயர். யாராவது அவசரப்பட்டு அபிப்பிராயம் சொன்னால், “செகண்ட் ஹாஃப் இன்னும் வரலையே தம்பி” என்பார்கள். என் மேனேஜரிடம்கூட ஒருமுறை ஹிந்தியில் இதைச் சொல்லிவிட்டேன். அது வேறு கதை.

கல்யாணமான புதிதில் நானும் கோமதியும் அந்த நாவலை வாங்கினோம். மாமனாருக்குத் தெரியாமல், குழந்தைகள் படிக்கும் அரிச்சுவடி ஒன்றையும் சேர்த்து வாங்கினோம். ‘அ’விலிருந்து தொடங்கினோம். எழுத்துக் கூட்டி, ஒருவருக்கொருவர் சத்தமாக வாசித்து, ‘ற’வுக்கும் ‘ர’வுக்கும் சண்டை போட்டு, ஒரு வருஷத்துக்கும் மேல் ஆனது. கடைசி அத்தியாயத்தைக் கோமதி வாசித்தாள். தம்பி மாட்டு வண்டியிலிருந்து இறங்கி ஓடி வருகிறான். அண்ணனைக் கட்டிக்கொள்கிறான். மழை பெய்கிறது.

டைரக்டர் ஒரு வரியைக்கூட மாற்றவில்லை.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தோம். அந்த லாபியில் தலையாட்டிய அத்தனை பேரையும் நினைத்துச் சிரித்தோம். ரயில் ஏறுகிற நாள் வரைக்கும் படித்தேன் என்று அவர் சொன்னாரே, தொடர் அதற்குப் பிறகும் ஊரில் வந்துகொண்டிருந்திருக்கிறது. டெல்லிக்கு வந்தவர் மிச்சத்தைத் தானே முடித்துக்கொண்டார். சிரித்து ஓய்ந்ததும் கோமதி புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

“ஊர்ல பெரியப்பா செத்துப்போனப்ப அப்பாவுக்கு லீவு கிடைக்கல” என்றாள்.

அதனால் நாங்கள் அவரிடம் சொல்லவில்லை. எங்களுக்கு அவருடைய கதைதான் பிடித்திருக்கிறது.

இப்போது மட்டும் இதை எழுதத் துணிந்ததற்குக் காரணம் இருக்கிறது. மாமனாருக்குக் கண்புரை எடுத்திருக்கிறார்கள். கொஞ்ச நாள் எதையும் படிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை எழுதியதை கோமதிதான் அவருக்கு வாசித்துக் காட்டப் போகிறாள். கடைசிப் பக்கத்தை மாற்றி வாசித்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அவளுக்கு அது ரத்தத்திலேயே இருக்கிறது.

ஆனால் ஒரு சிக்கல் மட்டும் இன்னும் தீரவில்லை. வீட்டுக்கு யாராவது விருந்தாளி வந்து, பேச்சு சினிமா பக்கம் திரும்பினால் போதும். மாமனார் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்து, “கதையை அப்படியே எடுக்கணும்யா. எங்க ஊர்க் கதை ஒண்ணை ஒருத்தன் எடுத்தான்…” என்று தொடங்குவார். கோமதி என்னைப் பார்ப்பாள். நான் கோமதியைப் பார்ப்பேன். எவ்வளவு அடக்கினாலும் முடியாது. இருவரும் ஒரே சமயத்தில் களுக்கென்று சிரித்துவிடுவோம்.

அவர் பேச்சை நிறுத்திவிட்டு எங்களை முறைப்பார்.

“நான் இன்னும் ஒண்ணுமே சொல்லல. அதுக்குள்ள என்ன சிரிப்பு? சப்டைட்டில் புத்தி போகுதா பாரு, ரெண்டு பேருக்கும்!”